இரைச்சலும் ஒரு செய்தியே



மட்டக்களப்பு வாவியைப் பற்றிக் கேள்வியுற்றோர் யாவரும் அதன் பாடும் மீனைப் பற்றியும் கேள்வியுற்றிருப்பர். நிறைமதி நாளில், காற்று அடங்கிய பின்னர், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியோடு பொருத்தி இருந்தால், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினாற்போன்ற ஓர் ஓசை கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் செய்தி. 1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இங்கு வந்த சேர் எமர்சன் ரெனன்ற் அவ்வோசையைத் தாமே கேட்டு நூலில் எழுதி வைத்தார். 1960களில் அருட்தந்தை லாங் அடிகளாரின் முயற்சியால் அவ்வோசை இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஓசையை எழுப்புவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவ்வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. அதற்கு முன்னரே கேட்கவேண்டிய வேறொரு வினா உண்டு. கேட்கும் ஓசை வாவியினுடையதா, அன்றித் துடுப்பினுடையதா? மரத்தில் மோதும் நீரும், செவியில் உரசும் மரமும் தாமே ஓர் ஓசையை எழுப்பக்கூடும் அல்லவா? ஆகவேதான் அனுபவமிக்க தோணிக்காரர் ஒருமுறை கேட்டவுடன் “பாடுகின்றது” என்று சொல்லிவிடுவதில்லை. துடுப்பை எடுத்து மீண்டும் வைப்பார். இடம் மாற்றி வைப்பார். தோணியிலிருப்போரை அசையாதிருக்கச் சொல்வார். அதன் பின்னரே வாய் திறப்பார்.

இவ்வெளிய எச்சரிக்கையே கடந்த நூறாண்டுக்கால மின்னியல் வரலாற்றின் ஒரு பகுதிக்கு உயிர்நாடியாக அமைந்தது என்று கூறினால் நேயர்கள் வியப்புறக்கூடும். நான் கலைப்பட்டதாரி, பௌதிகவியல் பயின்றவனல்லன். ஆயினும் ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவன் மாணாக்கரின் வினாக்களுக்குத் தப்பிவிட முடியாது. ஒருநாள் ஒரு மாணவன், “சேர், வானொலியில் நிலையங்களுக்கு இடையே கேட்கும் அந்த ‘உஸ்’ என்ற இரைச்சல் எங்கிருந்து வருகிறது?” என்று வினவினான். விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு விடை தேடப் புகுந்த நான், நான் நன்கறிந்த வரலாற்று வாயிலின் வழியாகவே அதனுள் நுழைந்தேன். அங்குக் கண்டவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இரைச்சல் எனக்குச் சிறுவயதிலேயே அறிமுகமானதுதான். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் எங்கள் மாவட்டத்தைச் சூறாவளி தாக்கிற்று. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மின்சாரம் நின்றது. அடுத்துவந்த இரவுகளில் என் தந்தையார் மின்கலத்தால் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் இரைச்சலே. “ஒண்டும் விளங்கல்லையே அப்பா” என்றேன். “சத்தம் போடாத மகன், இரைச்சலுக்குள்ளதான் பேச்சு இருக்கு” என்றார். அவர் பொருள்கொண்டது வேறு. ஆயினும் அச்சொல் எவ்வளவு உண்மையானது என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே உணர்ந்தேன்.

வானொலியிற் கேட்கும் இரைச்சலிற் பெரும்பகுதி புறத்தேயிருந்து வருவது. தொலைவில் மின்னும் மின்னல் அதற்கு ஒரு காரணம். ஆனால், அலைவாங்கியை முற்றாகக் கழற்றிவிட்டாலும் பெட்டி முழுமையாக அமைதியடைவதில்லை. அதனுள்ளேயே பிறக்கும் இரைச்சல் ஒன்று உண்டு. அதனை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் ஜேர்மனியரான வால்ற்றர் ஷொட்கி என்பார். 1918ஆம் ஆண்டில் வானொலி வால்வுகளை ஆராய்ந்த அவர், மின்னோட்டம் என்பது வாவி நீர்போல இடையறாது ஓடும் ஒன்றன்று, தனித்தனித் துணிக்கைகளாக வந்து சேர்வது என்பதனால், அதில் ஓர் இயல்பான ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும் என்று காட்டினார்.

இதனை விளங்கிக்கொள்ள நம்மூர் மாரிமழை போதும். தகரக் கூரையின் மேல் தூறல் விழும்போது மெல்லிய சலசலப்பே கேட்கும். அதே அளவு நீர் பருத்த துளிகளாய் விழுந்தால் படபடவென்ற பேரொலி எழும். மொத்த நீர் ஒன்றே. துளியின் பருமனே ஓசையை மாற்றியது. கூரையின் கீழ் இருப்பவன் வெளியே வராமலே, ஓசையைக் கொண்டு துளியின் பருமனை மதிப்பிடலாம். அவ்வாறே மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்தால், அதனைச் சுமந்துவரும் ஒவ்வொரு துணிக்கையும் எவ்வளவு மின்னேற்றம் உடையது என்பதை அறியலாம். இவ்வுண்மை பின்னர் பெரும் பயன் தரப்போகின்றது. நேயர்கள் அதனை நினைவில் இருத்துக.

பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மற்றோர் இரைச்சல் வெளிப்பட்டது. ஜோன்சன், நைக்குவிஸ்ற் என்ற இருவரும் சுவீடன் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர்கள். மின்னோட்டம் எதுவும் செலுத்தாத போதிலும், தடையுள்ள எந்தக் கம்பியின் இரு முனைகளுக்கிடையேயும் ஒரு நுண்ணிய அழுத்தத் தளும்பல் உண்டென ஜோன்சன் அளந்து காட்ட, அது வெப்பத்தால் துணிக்கைகள் அலைவதன் விளைவென நைக்குவிஸ்ற் கணித்து நிறுவினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. 1,000 ஓம் தடையொன்று நம் அறையின் வெப்பநிலையில், வானொலிப் பேச்சுக்கு வேண்டிய 10,000 சுற்று அகலத்துள், ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்திலொரு பங்கிலும் பாதிக்குக் குறைவான இரைச்சலையே எழுப்பும். சிறிதுதான்; ஆயினும் எவராலும் நீக்கவொண்ணாதது. வெப்பத்தைக் குறைத்தால் அது குறையும்; தடையைக் குறைத்தாலும் குறையும்.

அங்ஙனமாயின், தடையே இல்லாத ஒரு பொருள் கிடைத்தால்? அத்தகைய பொருள் அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரிலே காமர்லிங் ஒன்னெஸ் என்ற பேரறிஞர் 1908இல் ஈலியம் வாயுவைத் திரவமாக்கினார். 1911 ஏப்ரலில், பூச்சியத்திற்குக் கீழே 269 பாகை சதமவளவிலே, பாதரசம் தன் மின்தடையை முற்றாக இழப்பதை அவருடைய ஆய்வுகூடம் கண்டது. இப்பண்பினையே மீகடத்துதிறன் என்கிறோம். தடை இல்லாதவிடத்துத் தடையால் வரும் இரைச்சலும் இல்லை. இயற்கையில் இதைவிட அமைதியான மின்வழி வேறில்லை எனலாம்.

ஆனால், அமைதியான அம்மாளிகைக்கும் ஒரு வாயில் வேண்டும் அன்றோ? மீகடத்திக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தவும், அதனை அளக்கவும் செம்பு, பொன், வெள்ளி போன்ற சாதாரண கடத்திகளையே அதனோடு பொருத்தல் வேண்டும். இரைச்சலெல்லாம் அவ்வாயிலிலே வந்து கூடிற்று. அந்த இணைப்பே இன்றைய நம் பேச்சின் நடுப்பொருள்.

வாயிலில் நடப்பது யாது? 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற அமெரிக்க அறிஞர் மூவரும், மீகடத்தியினுள் இலத்திரன்கள் தனித்துச் செல்வதில்லை, இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்தே செல்கின்றன என விளக்கினர். 1964இல் மொஸ்கோவைச் சேர்ந்த அந்திரேயெவ், இணைப்பின் எல்லையிலே நிகழ்வதைத் தெளிவாக்கினார். நம் வாவியில் குருமண்வெளித் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் ‘பாதை’யை நேயர்கள் அறிவர். அப்பாதைக்காரர், “இருவராய் வந்தாலன்றி ஏற்றமாட்டேன்” என்று விதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தனியே வந்தவன் கரையில் நிற்கும் இன்னொருவனையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டே ஏறவேண்டும். அவன் நின்ற இடம் வெற்றிடமாகும். குறைந்த ஆற்றலோடு வரும் இலத்திரனும் இவ்வாறே வேறோர் இலத்திரனைத் துணைகொண்டு உள்ளே நுழைய, வெற்றிடமொன்று வந்தவழியே திரும்பிச் செல்கிறது. எனவே எல்லையைக் கடக்கும் ‘துளி’ இரட்டைப் பருமன் உடையது. தகரக் கூரையை நினைவுகூர்ந்தால், நுண்ணிய இணைப்பொன்றில் அவ்விரைச்சலும் இருமடங்காதல் வேண்டும் என்பது புலனாகும். ஆனால், அதனை அளந்து காட்டுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இதற்கிடையே உலகையே வியக்கவைத்த நிகழ்ச்சியொன்று நடந்தேறியது. 1986இல் சுவிற்சர்லாந்தில், சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், பெட்நோர்ஸ், மியுலர் என்ற இருவரும் உலோகமல்லாத ஒரு பொருளில் மீகடத்துதிறனைக் கண்டனர். அது இலந்தனம், பேரியம், செம்பு ஆகியவற்றின் ஒட்சைட்டு. குயவன் சூளையிற் சுட்டெடுக்கும் மட்பாண்டத்தைப் போலத் தூள்களைக் கலந்து சுட்டெடுத்த ஒரு கட்டி. சாதாரண வெப்பநிலையிலே மின்சாரத்தைச் செவ்வனே கடத்தாத வகைப் பொருளொன்று, குளிரில் உலோகங்களையெல்லாம் வென்றது! 1987இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் சூ, வூ ஆகியோரின் குழுவினர் இதிரியம், பேரியம், செம்பு ஒட்சைட்டில் அவ்வெல்லையைப் பூச்சியத்துக்குக் கீழ் 180 பாகைவரை உயர்த்தினர். அருமையான திரவ ஈலியத்தை விடுத்து, காற்றிலிருந்தே மலிவாய்ப் பெறக்கூடிய திரவ நைதரசனால் அதனைக் குளிர்விக்க இயன்றது. பெட்நோர்ஸ், மியுலர் இருவருக்கும் அதே ஆண்டில் நோபல் பரிசு கிட்டிற்று.

இவ்வேட்டையில் நம் அயல்நாடாகிய இந்தியாவும் பின்தங்கவில்லை. பெங்களூரில் பேராசிரியர் சி. என். ஆர். ராவ் குழுவினரும், பம்பாயில் தாத்தா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், தமிழ்நாட்டின் கல்பாக்கத்து அணுவாராய்ச்சி நிலையத்தாரும் அப்பொருள்களை ஆராய்ந்தனர். சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய அறிஞர் க. பாஸ்கரன், 1987இல் நோபல் அறிஞர் பிலிப் அன்டர்சனுடனும் சோ என்பாருடனும் சேர்ந்து அதன் கொள்கை விளக்கமொன்றை எழுதினார். புதுப் பொருளின் மர்மத்தை அவிழ்க்க முனைந்த முதற் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

புதுப் பொருள் கிடைத்தது. பழைய தொல்லை பன்மடங்காயிற்று. உலோகத்தோடு உலோகத்தைப் பற்றவைப்பது எளிது. மட்பாண்டம் போன்ற ஒன்றோடு கம்பியைப் பொருத்துவது எங்ஙனம்? இவ்வொட்சைட்டுகளின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து கெட்டுவிடும். ஒட்சிசனை இழந்த மேற்றோல் மீகடத்தும் பண்பையும் இழந்துவிடும். ஆகவே கம்பிக்கும் மீகடத்திக்கும் இடையே, கடத்தாத ஒரு மெல்லிய படை வந்து குறுக்கிடும். அப்படையிலே சிறுசிறு பொறிகள் உண்டு. இலத்திரன் அவற்றுள் அகப்படும், பின்னர் விடுபடும், மீண்டும் அகப்படும். ஒவ்வொரு முறையும் இணைப்பின் தடை சிறிதே ஏறி இறங்கும். இத்தகைய ஆயிரமாயிரம் பொறிகள் கூடும்போது, மெல்ல நிகழும் மாற்றங்களிலே பெரிதாகவும் விரைவான மாற்றங்களிலே சிறிதாகவும் அமையும் ஒருவகை இரைச்சல் தோன்றும். 1925இலேயே ஜோன்சன் வால்வுகளிற் கண்ட இரைச்சலின் இனமே இது. உள்ளே அமைதி, வாயிலில் ஆரவாரம்.

இதற்கு மருந்தும் காணப்பட்டது. 1988ஆம் ஆண்டளவில் அமெரிக்க அரசின் அளவைநிலையத்தைச் சேர்ந்த ஏக்கினும் அவர் துணைவரும், மேற்பரப்பைத் தூய்மையாக்கி, வெள்ளி அல்லது பொன்னை மெல்லிய படையாகப் படிவித்து, ஒட்சிசனிலே சூடாக்கினால், இணைப்பின் தடை பல்லாயிரம் மடங்கு குறையும் என்று காட்டினர். பொன்னும் வெள்ளியும் அணிகலனுக்கு மட்டுமன்றி, இங்கும் உதவின. அவை ஒட்சிசனை எளிதிற் பறிப்பதில்லை என்பதே காரணம். அளவீட்டிலும் ஓர் உபாயம் உண்டு. இரு கம்பிகளால் மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறிரு கம்பிகளால் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இன்மையால் இணைப்பின் தடை கணக்கிற் புகாது. துடுப்பின் ஓசையையும் வாவியின் ஓசையையும் பிரித்தறியத் தோணிக்காரர் கையாண்ட வழிக்கு இது உறவன்றோ?

இவ்வெச்சரிக்கை தவறியபோது நேர்ந்தது என்ன என்பதையும் வரலாறு கூறுகின்றது. 1987இன் பரபரப்பிலே, அறை வெப்பநிலையிலேயே மீகடத்தும் பொருளைக் கண்டுவிட்டோம் எனப் பலர் அறிவித்தனர். மறுமுறை அளந்தபோது அவை மறைந்தன. பழுதான ஓர் இணைப்புகூடத் தடை பூச்சியமானதுபோன்ற மாயத் தோற்றத்தை உண்டாக்கவல்லது. கண்டவர் பொய்யரல்லர், துடுப்பின் ஓசையை மீனின் பாட்டெனக் கொண்டவர்.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி. 2018இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்திலிருந்து, பொன்னும் வெள்ளியும் சேர்ந்த நுண்துணிக்கைகள் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகையிலேயே மீகடத்துகின்றன என்றோர் அறிக்கை வெளிவந்தது. அதனைக் கூர்ந்து நோக்கிய அமெரிக்க ஆய்வாளர் ஒருவர், வெவ்வேறு காந்தப்புலங்களிலே பெற்ற இரு அளவீடுகளில் இரைச்சலின் ஏற்ற இறக்கம் ஒன்றுபோலவே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இரைச்சல் என்பது தற்செயலின் குழந்தை. இரண்டு முறை பெய்யும் மழை கூரையில் ஒரே தாளத்தில் விழுவதில்லை. விழுந்தால் அதற்குத் தக்க விளக்கம் வேண்டும். ஆராய்ச்சியாளர் பின்னர் மேலும் தரவுகளை வெளியிட்டனர். எனினும் அக்கண்டுபிடிப்பு உலகினரால் உறுதிசெய்யப்பட்டதாக ஏற்கப்படவில்லை. இங்கே நான் எவரையும் குறைகூற முற்படவில்லை. எல்லோரும் வேண்டாமென்று ஒதுக்கும் இரைச்சலே, உண்மையை ஆராயும் வினாவை எழுப்பிற்று என்பதே நான் சுட்ட விரும்புவது.

இனி, காத்திருந்த இருமடங்கு இரைச்சலுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் பிரான்சின் கிரெனோபிள் நகரிலே செம்பையும் நியோபியம் என்ற உலோக மீகடத்தியையும் இணைத்து அளந்தபோது, அந்திரேயெவின் கொள்கைக்கு இணங்க இரைச்சல் இருமடங்காயிருந்தது. சோடிகளாய்ச் செல்லும் இலத்திரன்களை எவரும் கண்ணாற் கண்டதில்லை. அவற்றின் காலடியோசை கேட்டது. 2019இல் ஹூஸ்ரன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் துணைவரும், செம்பு ஒட்சைட்டுப் படைகளாலான நுண்ணிய இணைப்புகளில் இரைச்சலை அளந்தனர். மீகடத்துதிறன் தோன்றும் வெப்பநிலைக்கு மேலேயும் இரைச்சல் ஒற்றை இலத்திரன்களுக்கு உரியதிலும் மிகுந்திருந்தது. மீகடத்துதிறன் பிறப்பதற்கு முன்னரே சோடிகள் பிறந்துவிடுகின்றன என அதனால் அறியவந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே, 2018இல், ஒன்னெஸ் வாழ்ந்த அதே லெய்டன் நகரிலே, அணுவளவு கூர்மைகொண்ட உலோக ஊசிமுனையைச் செம்பு ஒட்சைட்டின் மேலே நிறுத்தி இரைச்சலைப் புள்ளி புள்ளியாய் அளந்தனர். பெரும்பாலான இடங்களில் இரைச்சல் எதிர்பார்த்த அளவே. சில இடங்களில் மட்டும் அது மிகப் பெருகிற்று. மின்னேற்றம் அகப்பட்டு விடுபடும் பொறிகளே அவ்விடங்கள் எனக் கொண்டனர். 1987இல் இணைப்பின் குற்றமென நொந்துகொண்ட அதே இரைச்சல், பொருளின் உள்ளமைப்பையே காட்டும் விளக்காயிற்று.

“நமக்கு இதனாற் பயன் யாது?” என்று நேயர் சிலர் வினவலாம். மூளையும் இதயமும் எழுப்பும் மிக நுண்ணிய காந்தப்புலங்களை அளக்கும் கருவிகள் பல மீகடத்திகளால் ஆக்கப்படுகின்றன. கல்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளை உருவாக்கியுள்ளனர். அக்கருவிகளின் கூர்மைக்கு எல்லை வகுப்பது இரைச்சலே. இரைச்சலை அறியாதவன் நோயாளியின் இதயத்தின் ஓசையையும் கருவியின் ஓசையையும் பிரித்தறியான்.

ஆயினும், ஆசிரியன் என்ற முறையில் நான் கருதும் பயன் வேறொன்று. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், அழிந்துபோன யாழின் இசையைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ எனத் தந்து மறைந்தார். அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயமும் அவருடைய சமாதியும் இவ்வாவிக்கரையிலேயே உள்ளன. இசையும் விஞ்ஞானமும் அவருக்கு இருவேறு கரைகள் அல்ல. ஓசையைச் செவியால் சுவைப்பதோடு நில்லாது, அதன் அளவை அறிந்து, அது எங்கிருந்து வருகின்றதென்றும் வினவுதல் வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அம்மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே: “தம்பி, அந்த இரைச்சலில் ஒரு பங்கு வானத்திலிருந்து வருகிறது, ஒரு பங்கு பெட்டியினுள்ளே வெப்பத்தாற் பிறக்கிறது, ஒரு பங்கு மின்சாரம் துளித்துளியாய் வருவதாற் பிறக்கிறது, இன்னொரு பங்கு பொருத்துகளின் குறையாற் பிறக்கிறது. எந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியப் பழகு.” அவன் சற்றுநேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியென்றால், சேர், பாடும் மீனையும் அப்படி அளந்து பார்க்கலாமே?” என்றான்.

பார்க்கலாம்தான். இயந்திரப் படகுகளின் ஆரவாரமும் பாலத்தின் மேல் ஓடும் வண்டிகளின் ஓசையும் மிகுந்துவிட்ட இந்நாளில், வாவியின் பழைய ஓசையைக் கேட்டோர் அருகி வருகின்றனர். அதனை மெய்யாகவே கேட்கவேண்டுமாயின், எது வாவி, எது துடுப்பு, எது நம் செவி என்று பிரித்தறியும் பொறுமை வேண்டும். அப்பொறுமையை நம் பிள்ளைகள் தமிழிலேயே பயில்வார்களாயின், துடுப்பை நீரில் வைக்கும் கை நாளை அவர்களுடையதாகும்.